தண்ணீர் எந்த வயல் வரை வரும்

கரோபிரின், மேயோ, அயர்லாந்து
12 செப்டம்பர் 1976

அன்புத் தம்பி ஃபெஸ்டிக்கும் யூனாவுக்கும்,

அக்கா டெலியா எழுதுகிறேன். என் இடது முழங்காலைத் தவிர இங்கே எல்லாம் சுகம். உன் இருமல் எப்படி, யூனாவின் பிரஷர் எப்படி என்பதை நீங்களாக எழுத மாட்டீர்கள். ஒவ்வொரு முறையும் நான்தான் கேட்க வேண்டும், கேட்டுவிட்டேன்.

விஷயத்துக்கு வருகிறேன். அடுத்த ஜூன் மாதம் நம் கோயிலுக்கு நூறு வயது. பங்குச் சாமி லாவெல் புதிதாக வந்தவர். முப்பது வயதுகூட இருக்காது, சும்மா இருக்கத் தெரியவில்லை. ஊரின் வரலாறு, நிலம், நீர் எல்லாவற்றையும் சேர்த்து ஒரு சின்னப் புத்தகம் போட வேண்டுமாம். இன்று பூசை முடிந்ததும் வாசலிலேயே கூட்டம் போட்டார். யார் எழுதுவது என்று கேட்டதும் எல்லாரும் தங்கள் காலிலிருந்த சப்பாத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். அடுத்த வீட்டு ஜார்லத் மோரன்தான் வாயைத் திறந்தான்.

"டெலியா எழுதட்டும் சாமி. தபாலாபீஸ்ல முப்பது வருஷமா எல்லார் போஸ்ட்கார்டையும் அவதானே முதல்ல படிக்கிறா."

அத்தனை பேரும் சிரித்தார்கள். கோபித்துக்கொண்டு போனால் அவன் சொன்னது உண்மை என்றாகிவிடும், அதனால் ஒத்துக்கொண்டேன்.

வரலாறு பரவாயில்லை, கோயில் பதிவேடு இருக்கிறது. நிலம்தான் தகராறு. வயல்களின் பெயர் எந்த வரைபடத்திலும் இல்லை. அப்பாவோடு மாட்டுக்குப் பின்னால் நடந்தவன் நீ. நான் அடுப்படியில் கிடந்தவள். கோயிலிலிருந்து ஏரி வரை ஒவ்வொரு வயலின் பெயரும் மண்ணும் எழுதி அனுப்பு. இருபத்தேழு வருஷம் இங்கிலாந்தில் இருந்து எல்லாம் மறந்துவிட்டது என்று கதை விடாதே.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.
அக்கா டெலியா


கோவென்ட்ரி
26 செப்டம்பர் 1976

அன்புள்ள அக்காவுக்கு,

கடிதம் கிடைத்தது. இருமல் இருக்கிறது, நானும் இருக்கிறேன். கட்டடச் சாமான் கிடங்கில் என்னைச் சரக்கறைக்கு மாற்றிவிட்டார்கள். தூக்குகிற வேலை இல்லை, எழுதுகிற வேலைதான். அதனால் கை பழகியிருக்கிறது.

கோயிலுக்குப் பின்னால் இருப்பது மணி வயல். மேட்டு நிலம், கல் அதிகம். அதற்குக் கீழே பட்டாளத்தான் வயல். 1920-இல் எரித்த போலீஸ் முகாமின் சுவர் இன்னும் அதில் நிற்கும் என்று நினைக்கிறேன். அங்கே உருளைக்கிழங்கு நன்றாக வரும். சாம்பல்தான் காரணம் என்பார் அப்பா. அடுத்தது நீள வயல், அதன் கீழே கன்றுக்குட்டி வயல், ஏரியோரம் விதவை மூலை. அந்த விதவை யார் என்று அப்பாவுக்கே தெரியாது. ஆனால் அவள் மூலையை யாருக்கும் விட்டுக்கொடுக்கவில்லை, அதுவரை தெரியும். குன்றின் மேலே ஏறிப் பாதியில் நின்றுபோகும் மதில் பெரிய பஞ்சத்தில் கட்டியது. கஞ்சியைக் கூலியாகக் கொடுத்துக் கட்டச் சொன்ன மதில், எதையும் அடைக்கவில்லை. அதை மறக்காமல் போடு.

இவ்வளவுதான் நினைவில்.
ஃபெஸ்டி

அக்கா, யூனா எழுதுகிறேன். இவர் எழுதி முடித்ததும் கீழே கொஞ்சம் இடம் விட்டு என்னிடம் தருவார், வழக்கம்தான். பிரஷர் மாத்திரையில் இருக்கிறது. ஏரியில் தண்ணீர் ஏறும்போது எந்த வயல் வரை வரும் என்று புத்தகத்தில் போடுவீர்களா? போட்டால் நன்றாக இருக்கும்.


கரோபிரின்
17 அக்டோபர் 1976

அன்புள்ள ஃபெஸ்டிக்கும் யூனாவுக்கும்,

சுகம் என்று நீங்கள் எழுதியதை நம்புகிறேன். எனக்கு முழங்கால் அப்படியே.

பட்டியல் நன்றாக இருக்கிறது, ஆனால் முழுதாக இல்லை. நீள வயலுக்குக் கிழக்கே, நம் ஊரும் பாலிகல்லனும் சேருகிற எல்லையில், ஒரு துண்டு நிலம் இருக்கிறது. அதை நீ எழுதவில்லை. சரி, நானும் எழுதவில்லை.

யூனா, உனக்காக ஏரியைப் பற்றி எழுதினேன். புத்தகத்தில் இப்படி வரும்: "எங்கள் ஏரி வருஷத்தில் பாதி நாள்தான் ஏரி. அக்டோபர் மழைக்குப் பிறகு தரைக்கு அடியிலிருக்கும் சுண்ணாம்புக்கல் பொந்துகள் வழியாகத் தண்ணீர் மேலே வரும். மே மாதம் அதே பொந்துகளில் இறங்கிப் போகும். கோடையில் ஏரியின் வயிற்றில் மாடு மேயும். குளிர்காலத்தில் கன்றுக்குட்டி வயல் எப்போதும் முழுகும். மழை மிஞ்சினால் விதவை மூலையின் வேலிமேல் படகு போகும்."



இன்னொரு சேதி. பால் லாரிகள் நம் வளைவில் திரும்ப முடியவில்லை என்று சாலையை நேராக்கப் போகிறார்கள். ஒரு இளவயது இன்ஜினியர் வந்தார், நல்ல மாதிரி. தபாலாபீஸ் வாசலில் நின்று அந்தத் துண்டு நிலத்தைக் காட்டினார். முள்மரமும் கல்லுமாகக் கிடக்கிறதே, அங்கே என்ன இருக்கிறது என்றார்.

"ஒண்ணுமில்ல" என்றேன்.

டீ குடித்துவிட்டுப் போனார். யூனாவுக்கு என் அன்பு.
டெலியா


கோவென்ட்ரி
7 நவம்பர் 1976

அன்புள்ள அக்காவுக்கு,

நாங்கள் நலம். இங்கே பனிமூட்டம், மூன்று நாளாகப் பஸ் சரியாக ஓடவில்லை.

பஞ்சத்து மதிலின் நீளம் கேட்டால், அப்பா அளந்தபடி நானூறு தப்படி. கல் எல்லாம் குன்றின் வட பக்கத்துப் பள்ளத்திலிருந்து வந்தது, கோயிலுக்கும் அதே கல்தான். கோயில் கட்டும்போது வண்டிக்கு வீட்டுக்கு ஒரு குதிரை கொடுத்தார்கள். குதிரை இல்லாதவர்கள் ஒரு ஆளைக் கொடுத்தார்கள். நம் தாத்தா ஆளாகப் போனவர். போட்டால் போடு, இல்லாவிட்டால் விடு.

சாலை நேரானால் நல்லதுதான். அந்த வளைவில் எத்தனை வண்டி கவிழ்ந்திருக்கிறது.
ஃபெஸ்டி

அக்கா, ஏரியைப் பற்றி எழுதியதை மூன்று முறை படித்தேன். மணி வயலுக்குத் தண்ணீர் வராது என்று புரிகிறது. பட்டாளத்தான் வயலின் சுவர் ஓரம் தண்ணீர் தேங்குமா? கொல்லன் பட்டறைக்குப் பின்னால் ஒரு மேடு இருக்குமே, அது? அந்தப் பக்கத்து மண் மெதுவா, கெட்டியா? தொந்தரவு என்று நினைக்காதீர்கள். நான் ஏரிக்கு அந்தப் பக்கம் பிறந்தவள், உங்கள் வீட்டில் எட்டு மாதம்தான் இருந்தேன், ஒன்றும் சரியாகப் பார்க்கவில்லை. யூனா.


கரோபிரின்
21 நவம்பர் 1976

ஃபெஸ்டி,

இந்தக் கடிதம் உன் கிடங்கின் முகவரிக்கு வருகிறது. யூனா படிக்கக் கூடாது என்பதற்காக. நலம் விசாரிக்க எனக்குப் பொறுமையில்லை, நேராகச் சொல்கிறேன்.

போன செவ்வாய் இன்ஜினியரின் ஆட்கள் வந்து முளைக்கம்பு அடித்துவிட்டுப் போனார்கள். சிவப்புச் சாயம் பூசிய கம்பு. வரிசை அந்தத் துண்டு நிலத்தின், லிஷீனின், நடுவே போகிறது.

நீயும் நானும் இந்தச் சொல்லை ஒருவருக்கொருவர் சொன்னதே இல்லை. இப்போது எழுத்தில் வந்துவிட்டது. ஞானஸ்நானம் கொடுக்கு முன்னே செத்துப்போன பிள்ளைகளைக் கோயில் கல்லறையில் சேர்க்க மாட்டார்கள். விடிவதற்கு முன்னால் தகப்பன் மட்டும் மண்வெட்டியோடு போய், இந்த ஊருக்கும் அந்த ஊருக்கும் சொந்தமில்லாத எல்லையில் வைத்துவிட்டு வருவான். சாமியும் வர மாட்டார், தாயும் வர மாட்டாள். யாரும் கேட்கவும் மாட்டார்கள். 1949 மார்ச்சில் ஒரு காலை நீ முழங்கால் வரை சேறாக வந்து மண்வெட்டியைக் கழுவி மாட்டினாய். நான் டீ போட்டுக் கொடுத்தேன். உள் அறையில் யூனா சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். நான் ஒரு வார்த்தை கேட்கவில்லை. நல்ல பழக்கம் என்று அப்போது நினைத்தேன்.

அதே பழக்கத்தில்தான் இன்ஜினியரிடமும் ஒன்றுமில்லை என்றேன். வெளியாளிடம் இதையா சொல்வார்கள்? ஆனால் முளைக்கம்பைப் பார்த்த பிறகு மனம் கேட்கவில்லை. ஓடிப்போய் அவரிடம் சொன்னேன். அவர் தன் நோட்டை எடுத்துக் காட்டினார்.

"அம்மா, அஞ்சு வீட்டுல கேட்டேன். அஞ்சு வீட்டுலயும் ஒண்ணுமில்லன்னாங்க. அதுல முதல் வீடு உங்களோடது."

எனக்கு முகத்தை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. அவர் கெட்டவர் இல்லை. பழைய வரைபடத்தில் வெறும் வேலி போட்ட துண்டு என்றுதான் இருக்கிறதாம். புதைத்தவர் யாராவது ஒருவர், இந்த இடத்தில் இதைச் செய்தேன் என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்தால் வரிசையை மாற்றலாம் என்றார். ஜனவரி முப்பத்தொன்றுக்குள். அதற்குப் பிறகு மண் அள்ளும் இயந்திரம் வந்துவிடும்.

வீடு வீடாகப் போனேன். ஜார்லத் வீட்டில் வானிலையைப் பற்றிப் பேசினான். மற்றவர்கள் தெரியாதே என்றார்கள். நான் பார்த்தவள் இல்லை, என் கையெழுத்து செல்லாது. நீ எழுது ஃபெஸ்டி. நாலு வரி போதும்.
டெலியா


கோவென்ட்ரி
9 டிசம்பர் 1976

அக்கா,

கிடங்குக்கு இனிக் கடிதம் அனுப்பாதே.

என்னால் முடியாது. கையெழுத்துப் போட்டால் அது மாவட்டக் கவுண்டி அலுவலகத்துக்குப் போகும், சாமிக்குப் போகும், ஏதாவது பத்திரிகையில் வரும். கோவென்ட்ரியில் மேயோ பத்திரிகை வாங்காத வீடு இல்லை. யூனாவுக்கு இடம் தெரியாது. அன்றைக்கு வந்ததும் ஒரே ஒரு முறை கேட்டாள். "முடிஞ்சிடுச்சு" என்று சொன்னேன். அதற்குப் பிறகு இருபத்தேழு வருஷமாக அவள் கேட்டதில்லை. இரண்டு பெண்களைப் பெற்று வளர்த்துக் கட்டிக்கொடுத்துவிட்டோம். அவள் கேட்காததால்தான் இந்தக் குடும்பம் நடந்தது. அதில் கை வைக்க என்னால் ஆகாது.

சாலை எங்கேயாவது போகத்தான் வேண்டும்.
ஃபெஸ்டி


கரோபிரின்
20 டிசம்பர் 1976

அன்புள்ள ஃபெஸ்டிக்கும் யூனாவுக்கும்,

கிறிஸ்து பிறப்பு வாழ்த்து இருவருக்கும். பழக் கேக் தனிப் பார்சலாக வருகிறது. பெட்டி நசுங்கியிருந்தால் அது உங்கள் பக்கத்துத் தபாலின் வேலை, எங்களுடையது இல்லை. என் உடம்புக்கு ஒன்றுமில்லை. மனம்தான் சரியில்லை, அதற்கு மருந்தும் இல்லை.

புத்தகத்தில் வரலாறு முடிந்தது. வரைபடத்தை ஜார்லத்தின் மகள் அழகாக வரைந்து கொடுத்தாள். எல்லா வயலுக்கும் பெயர் எழுதியாயிற்று. ஒரே ஒரு இடம் வெள்ளையாக நிற்கிறது. ஃபெஸ்டி கொடுத்த பட்டியலில் ஒன்று குறைகிறது. ஜனவரி முப்பத்தொன்றுக்குள் கொடுத்தால் போடலாம், அதற்குப் பிறகு அந்த இடமே இருக்காது. அதையும் அவனிடம் ஏற்கெனவே சொல்லிவிட்டேன்.

யூனா, நீ கேட்டாயே, பட்டறை மேடு கெட்டி மண். பட்டாளத்தான் சுவரோரம் கொஞ்சம் தேங்கும். போன முறை உன் வரிகள் வந்தன, இந்த முறை அவன் கடிதத்தில் உன் கையெழுத்தைக் காணோம். சுகம்தானே?
டெலியா


கோவென்ட்ரி
16 ஜனவரி 1977

அன்புள்ள டெலியா அக்காவுக்கு,

யூனா எழுதுகிறேன். இந்த முறை முழுக் கடிதமும் நான்தான். கேக் நசுங்காமல் வந்தது, நன்றி. எங்கள் இருவர் உடம்பும் பரவாயில்லை.

உங்கள் கடிதத்தைப் படித்ததும் எனக்கு ஒரு விஷயம் இடித்தது. இவர் எழுதியதாகச் சொல்கிறீர்கள், அந்தக் கடிதம் என் கைக்கு வரவே இல்லை. கல்யாணமானதிலிருந்து இவர் எனக்கு இடம் விடாமல் உங்களுக்கு எழுதியதில்லை. எந்த வயல் குறைகிறது என்று கேட்டேன். பனியை வாருகிறேன் என்று வெளியே போனார். பனியே பெய்யவில்லை. மூன்று வாரம் நான் மறுபடி கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. போன வியாழக்கிழமை உருளைக்கிழங்கு சீவிக்கொண்டிருந்தேன். வந்து பக்கத்தில் நின்று, கத்தியை என் கையிலிருந்து வாங்கி, அவர் சீவ ஆரம்பித்தார். சீவிக்கொண்டே சொன்னார். பாதியில் அழுதார். இவர் அழுது நான் பார்த்ததில்லை அக்கா. உங்கள் நவம்பர் கடிதத்தையும் கோட்டுப் பையிலிருந்து எடுத்துக் கொடுத்தார்.

நான் கேட்காததால் குடும்பம் நடந்தது என்று நினைத்திருக்கிறார். நான் கேட்டால் இவர் உடைந்துபோவார் என்று நான் நினைத்திருந்தேன். இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் நன்றாகத்தான் பார்த்துக்கொண்டோம்.

ஆனால் நான் கேட்டுக்கொண்டேதான் இருந்தேன். உங்கள் வீட்டு உள் அறை ஜன்னலிலிருந்து அந்த மார்ச் மாதம் தெரிந்ததெல்லாம் தண்ணீர்தான். வயல் வயலாக நின்ற தண்ணீர். சேற்றுக் காலோடு இவர் வந்ததை நானும் பார்த்தேன். அதிலிருந்து கோவென்ட்ரியில் பலமாக மழை பெய்தாலே எனக்குத் தூக்கம் வராது. நீங்கள் புத்தகம் எழுதுகிறீர்கள் என்றதும், ஒவ்வொரு வயலாகக் கேட்டு, தண்ணீர் வராத வயலையெல்லாம் எண்ணிக்கொண்டு வந்தேன். எங்கே வைத்தார் என்று தெரியாவிட்டாலும், தண்ணீர் வராத வயல் எத்தனை என்று தெரிந்தால் போதும் போல இருந்தது.

இப்போது இடம் தெரிந்துவிட்டது. லிஷீனுக்குத் தண்ணீர் வருமா என்று இவரிடம் கேட்டேன். "வராது, அது மேடு" என்றார். இவர் அப்படித்தான் சொல்வார். ஏரிக்கு அடியில் இருந்தாலும் எனக்காக வராது என்றுதான் சொல்வார். ஒருத்தரைச் சந்தோஷப்படுத்த வேண்டும் என்பதற்காக நீங்கள் வாழ்நாளில் ஒரு வார்த்தை சொன்னதில்லை. அதனால் உங்களைக் கேட்கிறேன். அங்கே தண்ணீர் வருமா அக்கா? வரும் என்றாலும் வரும் என்றே எழுதுங்கள்.

இவர் எழுதியது இதோடு இருக்கிறது. நான் சொல்லி எழுதவில்லை, தானாகவே உட்கார்ந்து எழுதினார்.
யூனா


(இணைப்பு)

கவுண்டி சாலை இன்ஜினியர் அவர்களுக்கு,

கரோபிரினில் பிறந்த ஃபெஸ்டஸ் ஜென்னிங்ஸ் ஆகிய நான் எழுதிக்கொடுப்பது. 1949 மார்ச் பதினொன்றாம் தேதி விடியுமுன், பிறந்தவுடன் இறந்துபோன எங்கள் பெண் குழந்தையை, கரோபிரினுக்கும் பாலிகல்லனுக்கும் இடையே உள்ள லிஷீனில் அடக்கம் செய்தேன். பெரிய முள்மரத்திலிருந்து ஏரிப் பக்கமாக ஏழு தப்படி. தலைமாட்டில் ஒரு வெள்ளைக் கல் வைத்தேன். அது அந்த இடத்துக் கல் இல்லை, குன்றிலிருந்து நான் எடுத்துப்போனது. அங்கே அதற்கு முன்பும் நிறையக் கற்கள் இருந்தன. அவற்றில் கால் படாமல் நடக்க வேண்டியிருந்தது.

இதை யாரிடமும் நான் சொன்னதில்லை. இப்போது சொல்கிறேன்.
ஃபெஸ்டஸ் ஜென்னிங்ஸ்


கரோபிரின்
24 ஜனவரி 1977

ஃபெஸ்டி, யூனா,

கடிதம் வந்தது. இன்று காலையே பஸ் ஏறிப்போய் இன்ஜினியர் கையில் கொடுத்துவிட்டேன். தபாலில் போடவில்லை, தபாலைப் பற்றி எனக்குத் தெரியும். அவர் நின்றுகொண்டே படித்தார், படித்து முடித்ததும் உட்கார்ந்தார். மற்றது பிறகு.
டெலியா


கோவென்ட்ரி
10 பிப்ரவரி 1977

அன்புள்ள அக்காவுக்கு,

நலம்தானே? மற்றது பிறகு என்று எழுதி இரண்டு வாரத்துக்கு மேல் ஆகிறது. இவர் தினமும் மத்தியானம் கிடங்கிலிருந்து வந்து தபால் வந்ததா என்று பார்த்துவிட்டுப் போகிறார். சாலை எப்படிப் போனாலும் சரி. நான் கேட்டதற்குத் தண்ணீர் வரும் என்பதே பதில் என்பதால்தான் எழுதத் தாமதிக்கிறீர்களோ என்று பயமாக இருக்கிறது. எதுவானாலும் எழுதுங்கள்.
யூனா


கரோபிரின்
20 பிப்ரவரி 1977

அன்புள்ள யூனாவுக்கும் ஃபெஸ்டிக்கும்,

இந்த முறை யூனாவின் பெயரை முதலில் போட்டிருக்கிறேன், ஃபெஸ்டி பொறுத்துக்கொள்ளட்டும். முழங்கால் வலிக்கிறது, காரணம் கீழே வரும்.

முதலில் சாலை. முளைக்கம்புகளைப் பிடுங்கி நாற்பது கஜம் மேற்கே தள்ளி அடித்தார்கள். புதிய வரிசை என் கோழிக்கூண்டு வழியாகப் போகிறது. இன்ஜினியர் சங்கடப்பட்டார். கோழிக்கு எல்லை கிடையாது, எங்கே வைத்தாலும் இருக்கும் என்று சொல்லி அனுப்பினேன்.

ஃபெஸ்டி எழுதிக்கொடுத்தது ஊருக்குத் தெரிந்துவிட்டது. நான் சொல்லவில்லை, ஆனால் கம்பு நகர்ந்ததை எல்லாரும் பார்த்தார்கள். புதன்கிழமை ஜார்லத் தபாலாபீஸ் கடைக்குப் புகையிலை வாங்க வந்தான். வாங்கினான், போகவில்லை. கடையில் வேறு யாரும் இல்லை. கல்லாமேசையைப் பார்த்துக்கொண்டே சொன்னான்.

"எழுதிக்கோ டெலியா. எனக்கு ரெண்டு."

இந்த ஊரில் அவன் கேலி செய்யாத ஆள் இல்லை. புகையிலையை எடுத்துக்கொண்டு போய்விட்டான். மறுநாள் பாலிகல்லனிலிருந்துகூட ஆட்கள் வந்தார்கள். தபால்தலை ஒன்று வாங்குவார்கள், சொல்வார்கள், போவார்கள். ஹனோரா கெல்லிக்கு எண்பத்திரண்டு வயது, கோலை ஊன்றிக்கொண்டு வந்தாள். "எனக்கு ஒண்ணு. எந்தக் கல்லுன்னு அவர் சொல்லாமலே போய்ச் சேர்ந்துட்டார்" என்றாள். இது வரை பதினேழு. சாமி லாவெல்லிடம் கொண்டுபோய்க் காட்டினேன். இரண்டு முறை படித்தார். ஈஸ்டர் முடிந்ததும் வந்து அந்த இடத்தை ஜெபம் சொல்லி மந்திரிப்பதாகச் சொன்னார். நூறு வருஷம் தாமதம் என்று சொன்னேன். ஆமாம் என்றார். அதனால் எனக்கு அவரைப் பிடிக்க ஆரம்பித்திருக்கிறது. வரைபடத்தில் வெள்ளையாக இருந்த இடத்தில் லிஷீன் என்று எழுதியாகிவிட்டது.

இனி உன் கேள்வி, யூனா.

உடனே பதில் எழுதியிருக்கலாம். வராது என்று எனக்கும் ஒரு நினைப்பு இருந்தது. ஆனால் நினைப்பை எழுத எனக்கு மனமில்லை. ஒன்றுமில்லை என்று ஒரு முறை சொல்லி நான் பட்டது போதும். ஏரி உச்சத்துக்கு வருவது பிப்ரவரி மூன்றாம் வாரத்தில்தான். அதுவரை காத்திருந்தேன். உன்னைப் பயத்தில் விட்டதற்கு மன்னித்துக்கொள்.

இந்த வருஷம் மழை மிஞ்சிவிட்டது. 1954-க்குப் பிறகு இவ்வளவு தண்ணீர் இல்லை என்கிறார்கள். கன்றுக்குட்டி வயல் கண்ணுக்கே தெரியவில்லை. விதவை மூலையின் வேலிக்கு மேலே வாத்து நீந்துகிறது. நீள வயலில் பாதி போய்விட்டது. இதைவிட மோசமான வருஷம் வரப்போவதில்லை.

இன்று பூசை முடிந்ததும் நேராகப் போனேன். ரப்பர் பூட்ஸ் போடவில்லை. போட்டால் என்ன தெரியும்? ஞாயிற்றுக்கிழமைச் சப்பாத்தோடுதான் லிஷீனைச் சுற்றிய கல்மதிலைத் தாண்டினேன், முழங்கால் வலி அதனால்தான். முள்மரத்திலிருந்து ஏரிப் பக்கமாக நடந்தேன். ஃபெஸ்டியின் காலுக்கு ஏழு தப்படி, என் காலுக்கு ஒன்பது. வெள்ளைக் கல் இருக்கிறது. பாசி பிடித்திருந்தது, கைக்குட்டையால் துடைத்தேன். தண்ணீரின் விளிம்பு அங்கிருந்து கீழே முப்பத்தாறு தப்படி. எண்ணிக்கொண்டு இறங்கினேன், எண்ணிக்கொண்டே ஏறினேன், இரண்டு முறையும் அதே முப்பத்தாறு. மேற்குக் காற்றை மதில் தடுக்கிறது. நம் வீட்டு உள் அறை ஜன்னல் அங்கிருந்து நேராகத் தெரிகிறது. நீ படுத்திருந்த இடத்திலிருந்து அந்த முள்மரம் தெரிந்திருக்க வேண்டும்.

கல்லுக்குப் பக்கத்தில் நின்று ஜெபமாலை முழுதும் சொன்னேன், அவசரப்படாமல். பிறகு வீட்டுக்கு வந்து அடுப்புக்கு முன்னால் உட்கார்ந்து சப்பாத்தைக் கழற்றினேன். மேல்தோல் புல்லில் பட்டு நனைந்திருந்தது, அதை மறைக்க மாட்டேன். காலுறை காய்ந்தே இருந்தது, யூனா.

ஜூனில் இருவரும் வாருங்கள். உள் அறையை வெள்ளையடித்து வைக்கிறேன்.
டெலியா